20 கிராம் கணக்கு: அடுப்புப் புகையும் பிறக்கும் குழந்தையின் எடையும்

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, செங்கம், போளூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமானாலும் சரி, பிரசவ வார்டிலிருந்து செய்தி வந்ததும் சொந்தக்காரர்கள் போனில் கேட்பது இரண்டு கேள்விகள். "என்ன குழந்தை?" என்பது முதல் கேள்வி. "எத்தனை கிலோ?" என்பது இரண்டாவது.

மூன்று கிலோ என்றால் எதிர்முனையில் சிரிப்பு. இரண்டே கால் என்றால் ஒரு நொடி மௌனம். அதற்குப் பிறகு வருவதுதான் அந்தத் தாயைக் குத்தும். "ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா", "கீரை, முட்டைன்னு சொன்னா எங்க கேட்டா?" எடை குறைந்தால் பழி நேராகத் தட்டுக்குப் போகிறது. அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கிறோம். பத்து மாதமும் என்ன சுவாசித்தாள் என்று யாரும் கேட்பதில்லை.

சாப்பாடு முக்கியமில்லை என்று யாரும் சொல்லவில்லை. ரத்தசோகை, தாயின் உயரம், கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடை, இரண்டு பிரசவங்களுக்கு நடுவிலான இடைவெளி, ரத்த அழுத்தம் எனப் பல காரணங்கள் கூடித்தான் ஒரு குழந்தையின் எடையைத் தீர்மானிக்கின்றன. அந்தக் காரணங்களின் வரிசையில் காற்றும் உட்கார்ந்திருக்கிறது என்பதை உலகம் சென்ற சில பத்தாண்டுகளில்தான் கிராம் கணக்கில் அளக்கத் தொடங்கியது. அந்த அளவீட்டின் ஒரு முக்கியப் பகுதி நம் தமிழ்நாட்டில் நடந்தது, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊர்களிலும்.

2,500 என்ற கோடு

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் 'எடை குறைந்த குழந்தை' என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் எடை பதிவான குழந்தைகளில் 100-க்கு சுமார் 18 பேர் இந்தக் கோட்டுக்குக் கீழே பிறக்கிறார்கள். உடம்புச் சூட்டைத் தக்கவைப்பது, பால் குடிப்பது, தொற்றைத் தாங்குவது எல்லாமே இவர்களுக்குச் சற்றுக் கடினம்.

விஷயம் தொட்டிலோடு முடிவதுமில்லை. பிறப்பு எடை குறைந்தவர்களுக்கு நடுவயதில் இதய நோய் அதிகம் வருவதை இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பார்க்கர் பழைய பிரசவப் பதிவேடுகளைத் தோண்டியெடுத்துக் காட்டினார். புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இன்னொன்றைக் கண்டார். புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சர்க்கரை நோய்க்கான விதை அங்கேயே விழுகிறது என்பது அவருடைய வாதம். ஆக, பிறந்த குழந்தையின் உடலளவைத் தராசு முள் மட்டும் சொல்லிவிடாது. நீளம், தலைச் சுற்றளவு, தசை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த அளவு.

மலை உச்சி நெருப்பும் வீட்டு நெருப்பும்

திருவண்ணாமலையில் புகை என்றதும் சிலருக்குக் கார்த்திகை தீபம் நினைவுக்கு வரலாம். 2,668 அடி உயர மலை உச்சியில், ஆளுயரத்தை நெருங்கும் செப்புக் கொப்பரையில், ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஊற்றி ஏற்றுகிற தீபம் 11 நாள்கள் எரியும். பார்க்கப் பிரமாண்டமான நெருப்புதான். ஆனால், அது எரிவது வானத்தின் வாசலில். ஒரு கர்ப்பிணியின் மூச்சுக்கும் அதற்கும் இடையே ஒரு மலையே இருக்கிறது.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவருக்கு வாகனப் புகையும் கற்பூரப் புகையும் அதைவிட நெருக்கம். அதுவும் மாதத்தில் ஓர் இரவு. ஆனால், வேலிக்காத்தான் விறகு, பருத்திமார், மல்லாட்டைத் தோல், வறட்டி இவற்றை எரிக்கும் அடுப்பு தினமும் இரண்டு வேளை, முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் எரிகிறது. குனிந்து ஊதுகுழலை வாயில் வைத்து ஊதும்போது அந்த ஒரு முழமும் இல்லை.

நெருப்பின் அளவைவிட, அது மூக்குக்கு எவ்வளவு பக்கத்தில், எத்தனை நாள் எரிகிறது என்பதுதான் கணக்கு. இதை உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி கிர்க் ஸ்மித். 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களுக்கு வந்து, சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியை மாட்டிப் புகையை அளந்தார். அதுவரை காற்று மாசு என்றால் ஆலைப் புகைபோக்கியும் லாரியும்தான்.

புகை கருவறைக்கு எப்படிப் போகிறது?

விறகுப் புகையில் இரண்டு எதிரிகள். ஒன்று பி.எம். 2.5 என்கிற நுண்துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும். மூக்கு முடியும் சளியும் இதைப் பிடிக்காது. நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து சில துகள்கள் ரத்தத்திலும் கலக்கும். தாயின் உடலில் அழற்சியைக் கிளப்பும். நச்சுக்கொடிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் பாதிக்கும்.

நச்சுக்கொடி ஒரு வேலி மாதிரி, கெட்டதை வடிகட்டிவிடும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2019-ல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குழந்தைப் பக்கம் இருக்கும் நச்சுக்கொடித் திசுவிலேயே கரித்துகள்களைக் கண்டார்கள். 2022-ல் வந்த அடுத்த ஆய்வு, கருவின் கல்லீரல், நுரையீரல், மூளையிலும் அவை இருப்பதைக் காட்டியது. பிறந்து முதல் மூச்சு விடுவதற்கு முன்பே நுரையீரலில் கரி!

இரண்டாவது எதிரி கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் இருக்கையைத் துண்டு போட்டுப் பிடிப்பவர் மாதிரி, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துவிடும். தாய்க்கு லேசான தலைவலியோடு போய்விடலாம். ஏற்கெனவே ரத்தசோகை இருக்கும் தாயின் வயிற்றில் வளரும் பிள்ளைக்கு அந்த இழப்பு பெரிது. நம் ஊரில் இந்த இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருப்பது அரிதல்ல.

தமிழ்நாடு சொன்ன கணக்கு

1990-களின் இறுதியில் மதுரை அரவிந்த் அமைப்பும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் பச்சிளம் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்க்கும் ஆய்வைத் தமிழகக் கிராமங்களில் நடத்தின. அதில் சேர்ந்த 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரத்தை வைத்து 2009-ல் புகைக் கணக்கையும் போட்டார்கள். விறகும் வறட்டியும் எரித்த வீடுகளில் எடை குறைந்து பிறக்கும் அபாயம் ஏறத்தாழ 49 சதவிகிதம் அதிகம். ஆனால், ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. விறகு எரிக்கும் வீடு பெரும்பாலும் ஏழை வீடு. எடையைக் குறைத்தது புகையா, வறுமையா?

சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 2010 முதல் 2015 வரை, கிராமம், நகரம் இரண்டிலிருந்தும் 1,285 கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதத்திலேயே சேர்த்துத் தொடர்ந்து கவனித்தார்கள். 2018-ல் வெளியான முடிவு இது: ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது.

நான்கு கிராமா, இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை. ஆனால், விறகடுப்பு வீட்டில் கூடும் துகள் 10 அல்ல, பல பத்துகள்.

அடுத்து வந்ததுதான் பெரிய பரிசோதனை. 'ஹேப்பின்' என்று பெயர். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என நான்கு நாடுகளில், நாட்டுக்குச் சுமார் 800 பேர் வீதம் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் தேர்ந்தெடுத்தது நாகப்பட்டினத்தையும், திருவண்ணாமலையை ஒட்டிய விழுப்புரத்தையும். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரத்தோடு சேர்ந்திருந்தது. அதே வெயில், அதே விறகு, அதே சோறு. எனவே, அந்த முடிவைத் திருவண்ணாமலைக்காரர்கள் தங்கள் வீட்டுச் செய்தியாகவே படிக்கலாம்.

பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு காஸ் அடுப்பும், தீரத் தீர சிலிண்டரும் 18 மாதங்களுக்கு இலவசம். இன்னொரு குழு வழக்கமான அடுப்பிலேயே சமைத்தது. ஏழை, பணக்காரர் என்கிற சந்தேகத்துக்கு இதில் இடமில்லை. பெண்கள் உடம்பில் சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு 24 மணி நேரம் இருந்தார்கள். விறகுக் குழுவினர் சுவாசித்த துகள் சுமார் 71 மைக்ரோகிராம். காஸ் குழுவில் 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய இறக்கத்தை அதற்கு முன் வேறெந்த அடுப்புத் திட்டமும் எளிதில் காட்டியதில்லை.

எடை? காஸ் குழுக் குழந்தைகள் சராசரி 2,921 கிராம். விறகுக் குழு 2,898. கணக்கைச் சீராக்கிப் பார்த்தால் வித்தியாசம் 19.6 கிராம். அரை முட்டைகூட இல்லை. அதுவும், தற்செயலாக வந்த வித்தியாசமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தாண்டாத அளவு. 2022 அக்டோபரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இது வெளியானபோது, காஸ் கொடுத்தால் குழந்தை கொழுகொழுவென்று பிறக்கும் என்று நம்பியிருந்த பலருக்கு ஏமாற்றம். 2024-ல் வந்த அடுத்தடுத்த முடிவுகளும் அப்படியே. கைக்குழந்தைகளின் கடுமையான நிமோனியாவோ, ஒரு வயதில் உயரக் குறைபாடோ தெளிவாகக் குறையவில்லை.

அப்படியானால், புகைக்கும் எடைக்கும் சம்பந்தமில்லையா?

இங்கேதான் ஒரு சின்னப் பெருக்கல் உதவுகிறது. 10 மைக்ரோகிராமுக்கு 4 கிராம் என்றது பழைய ஆய்வு. விழுப்புரம் உள்ளிட்ட பரிசோதனையில் குறைந்தது 47 மைக்ரோகிராம். பெருக்கினால் சுமார் 19 கிராம். கிடைத்ததும் ஏறக்குறைய அதுவே! புகை பொய்யில்லை. அதன் கைவண்ணம் நாம் எதிர்பார்த்ததைவிடச் சிறியது, அவ்வளவுதான். குழந்தை பிறந்ததும் எடையைப் பார்த்து "இது அடுப்பால் வந்தது" என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால், லட்சக்கணக்கான பிரசவங்களில் சராசரி 20 கிராம் நகர்ந்தால், 2,490-ல் நிற்கவேண்டிய சில குழந்தைகள் 2,510-க்குப் போய்விடுவார்கள்.

தாமதமாக வந்த சிலிண்டர்

இன்னொரு விஷயத்தையும் கவனிக்கவேண்டும். அந்தப் பரிசோதனையில் பெண்கள் சேர்ந்தது கர்ப்பத்தின் 9-வது வாரத்துக்கும் 20-வது வாரத்துக்கும் இடையில். நச்சுக்கொடி உருவாகி வேர்விடும் தொடக்க வாரங்கள் பலருக்குப் புகையிலேயே கழிந்துவிட்டன. அதற்கு முன், பிறந்ததிலிருந்து அம்மா பக்கத்தில் அடுப்படியில் வளர்ந்த இருபது சொச்சம் வருடங்கள் வேறு. சிலிண்டர் வந்த நேரம் தாமதமா என்ற கேள்வியை ஆய்வாளர்களும் எழுப்புகிறார்கள்.

கடைசி மாதங்களுக்கும் பங்கு உண்டு என்பதற்குச் சீனாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2008 ஒலிம்பிக்ஸுக்காக பெய்ஜிங்கில் ஆலைகளை மூடி, வண்டிகளைக் கட்டுப்படுத்தி, ஊரையே கழுவி வைத்தார்கள். அந்த வாரங்களில் எட்டாவது மாதத்தில் இருந்த தாய்மாரின் குழந்தைகள், முந்தைய ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே காலத்தில் பிறந்தவர்களைவிட சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தார்கள். விளையாட்டுக்காகச் சுத்தம் செய்த காற்று, வயிற்றிலிருந்த பிள்ளைகளுக்கும் பதக்கம் கொடுத்துவிட்டது. அங்கே மாறியது ஒரு சமையலறை அல்ல, ஊர் மொத்தத்தின் காற்று என்பதை மறக்கக் கூடாது.

நம் வழக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறோம், ஓய்வு கிடைக்கட்டும் என்று. நல்ல ஏற்பாடு. போகிற வீட்டில் விறகடுப்பு எரிந்தால், அந்த ஓய்வே புகைக்குள்தான். புகுந்த வீட்டில் காஸ் வாங்கிவிட்டோம் என்பவர்கள் பிறந்த வீட்டின் அடுப்பையும் விசாரிப்பது நல்லது. அதைவிட, கல்யாணச் சீரிலேயே காஸ் அடுப்பைச் சேர்க்கும் குடும்பங்கள் அறியாமலே சரியான நேரத்தைப் பிடித்துவிடுகின்றன.

காஸ் இருக்கிறது, ஆனாலும்...

தமிழகத்தில் 2007-லேயே அரசு இலவச காஸ் அடுப்புகளைக் கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இன்று பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் சமையலுக்கு காஸ் போன்ற எரிபொருளைத்தான் முதன்மையாக நம்புகின்றன. 'முதன்மையாக' என்ற சொல்லில்தான் ஓட்டை இருக்கிறது.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராம வீடுகளைக் கவனித்தால் தெரியும். காபி, குழம்பு, தாளிப்பு எல்லாம் உள்ளே காஸில். பின்கட்டிலோ தோட்டத்திலோ மூன்று கல் அடுப்பு தனியாக எரியும். குளிக்க வெந்நீர், பெரிய பானைச் சோறு, மாட்டுக்குக் கஞ்சி, வருடத்தில் சில நாள்கள் நெல் அவித்தல் எல்லாம் அங்கே. "வெளியிலதானே எரியுது" என்பார்கள். மார்கழிக் காலையில் அந்தப் புகை மேலே ஏறாமல் தரையோடு படியும், ஈர விறகாக இருந்தால் இன்னும் மோசம். கரும்பு வெட்டிய பிறகு தோகையைக் கொளுத்தும் நாள்களில் வயலை ஒட்டிய வீடுகளுக்குக் கூடுதல் பங்கு. தெருமுனையில் குப்பையோடு பிளாஸ்டிக்கை எரிப்பதும் அப்படித்தான்.

சிலிண்டரை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி. நாள் கூலிக் குடும்பத்துக்கு விறகு சும்மா கிடைக்கிறது, சிலிண்டருக்கோ ஒரே நாளில் மொத்தப் பணமும் வேண்டும். இதை அந்தப் பெண்ணின் அறியாமை என்று சொல்பவர்கள் வீட்டு வரவு செலவுக் கணக்கைப் பார்த்ததில்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய், தவணையாக வருகிறது. அதில் இரண்டு மூன்று சிலிண்டரையும் ஊட்டச்சத்துச் செலவாகவே எழுதிக்கொண்டால் தவறில்லை.

மூடிய அறையில் எரியும் கொசுவத்திச் சுருளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை பிடித்ததற்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலை இதற்கு எவ்வளவோ மேல். கணவர் பீடி, சிகரெட் பிடிப்பவரானால், வாசலில் நின்று பிடித்துவிட்டு வருவதும் பாதி தீர்வுதான்.

தடை செய்தால் தெரியும்

மாசு என்றால் புகை மட்டுமில்லை. வீடு கட்டும்போது கரையானுக்கு ஊற்றுவதும், பயிருக்கு அடிப்பதுமான குளோர்பைரிபாஸ் என்ற மருந்தின் கதை தனியானது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த மருந்தை அளந்தார்கள். அதிகம் இருந்த குழந்தைகள் எடையிலும் நீளத்திலும் சிறியவர்களாக இருந்தார்கள். 2000-ல் அமெரிக்க அரசு வீட்டு உபயோகத்துக்கு அதைத் தடுக்கத் தொடங்கியது. 2001-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் மருந்து வெகுவாகக் குறைந்தது, அளவு குறைந்து பிறக்கும் அந்தத் தொடர்பும் மறைந்துபோனது. ஒரு பொருளை வீட்டைவிட்டு வெளியேற்றியதும் அடுத்த பிரசவங்களிலேயே பலன் தெரிந்த அபூர்வ உதாரணம் இது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கரையான் மருந்து வேலையைப் பிரசவம் வரை தள்ளிப்போடலாம். மருந்தடித்த மறுநாளே களையெடுக்கக் கூப்பிட்டால், அந்தக் கூலியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு வேண்டும். சொல்ல முடிகிறதா என்பது வேறு கேள்வி.

அடுப்பை யார் பற்ற வைப்பது?

விறகடுப்பை உடனே நிறுத்த முடியாத வீடுகள் இருக்கின்றன. அங்கே செய்யக் கூடியவை சில. விறகை ஒரு பருவம் முன்பே வெட்டிக் காயவைத்தால் புகை குறையும். வெந்நீர் அடுப்பைக் கர்ப்பிணி படுக்கும் ஜன்னலிலிருந்து தள்ளி, காற்று வெளியே போகும் திசையில் வைக்கலாம். கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து, முடிந்தால் அதற்கும் முன்பிருந்தே, ஊதுகுழல் அவள் கையில் இருக்கக் கூடாது. ஆண்களால் அடுப்பு மூட்ட முடியாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியில்லை. கிரிவலப் பாதையில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் சமைப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தாம்.

பல வீடுகளில் அந்த வேலையை மாமியார் வாங்கிக்கொள்வார். "நீ தள்ளி இரும்மா, நான் ஊதறேன்" என்று அவர் சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால், முப்பது நாற்பது வருடம் அதே புகையைக் குடித்த நுரையீரலும் இதயமும் அவருடையவை. விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் கர்ப்பிணிகளைத் தேடி வீடு வீடாகப் போன ஆய்வாளர்கள், அதே வீட்டில் இருந்த 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள்.